கப்பலுக்குப் போன தாத்தா: போர்க்கால மாலுமிகளைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“தாத்தா நேவியில் இருந்தார்” என்று சொல்லித்தான் பல குடும்பங்கள் தேடத் தொடங்குகின்றன. வழி தவறுவதும் அங்கேதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்குக் கோதுமையும் எண்ணெயும் வெடிமருந்தும் ஏற்றிச் சென்ற சரக்குக் கப்பல்களில் இருந்தவர்கள் கடற்படை வீரர்கள் அல்லர். கம்பெனிச் சம்பளத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கப்பலேறியவர்கள். ‘மெர்ச்சன்ட் நேவி’ (வணிகக் கப்பல் துறை) என்ற பெயரை நம்பிக் கடற்படை ஆவணங்களைப் புரட்டுகிறார்கள். ஒன்றும் கிடைப்பதில்லை. “அவர் சொன்னதெல்லாம் கதை போலிருக்கிறது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உயிரைக் கொடுக்கத் துணிந்த ஒருவரைச் சொந்தப் பேரப்பிள்ளைகளே பொய்யராக்கிவிடும் இந்தத் தவறுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

பழைய புகைப்படத்தில் சீருடை இல்லையே என்றும் சிலர் சந்தேகப்படுவார்கள். சாதாரண மாலுமி கரையில் தன் சொந்த உடுப்பைத்தான் அணிந்தார். அதைப் பார்த்து, போருக்குப் போகாமல் ஒளிந்து திரிகிறவர் என்று ஊரார் ஏசியதும் உண்டு. அதனால்தான் 1940-இல் ‘எம்.என்.’ என்ற எழுத்துகள் கொண்ட சிறிய வெள்ளி நிற பேட்ஜ் கொடுத்தார்கள். படத்தில் கோட்டின் மடிப்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பதக்கம் இல்லாததையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாலுமிகள் விண்ணப்பித்தால்தான் பதக்கம் வரும். ஏராளமானோர் விண்ணப்பிக்கவே இல்லை.

வீட்டில் அவருடைய பணிப் புத்தகம் இருந்தால் அதை அவசரமாகப் புரட்டிவிட்டு மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு வரியிலும் கப்பலின் பெயர், ஏறிய தேதி, இறங்கிய தேதி, இறங்கிய இடம், நடத்தைக்கு ஒரு முத்திரை. இறங்கிய இடத்துக்கான கட்டத்தில் லிவர்பூல், கார்டிஃப் என்று துறைமுகங்களாக வந்துகொண்டிருக்கும். திடீரென்று ஒரு வரியில் ‘கடலில்’ என்று மட்டும் எழுதியிருக்கும். நடுக்கடலில் யார் வேலையை விட்டு இறங்குவார்? அநேகமாக அந்தக் கப்பல் மூழ்கிவிட்டது என்றே பொருள். கப்பல் போனால் ஒப்பந்தமும் போயிற்று. 1941 மே மாதம் விதி மாறும் வரை, அன்றோடு சம்பளத்தை நிறுத்திவிடலாம் என்பதே நடைமுறை. படகில் மிதந்துகொண்டிருந்த நாட்களுக்குக்கூடப் பணம் கிடையாது. அதற்கு அடுத்த வரியில் சில வாரங்களிலேயே இன்னொரு கப்பலின் பெயர் இருக்கும். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே என்ன நடந்தது என்பதைத்தான் அவர் வீட்டில் சொல்லாமலே இருந்திருப்பார்.

கப்பலின் பெயரை மட்டும் நம்பித் தேடுவதும் ஆபத்து. ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடின. கை மாறியபோது பெயரும் மாறியது. பிரிட்டிஷ் பதிவுக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரப்பூர்வ எண் உண்டு. பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. பணிப் புத்தகத்தில் அது இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியல்களுக்குப் போங்கள்.

லண்டன் டவர் ஹில் நினைவகத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்த ஏறத்தாழ 24,000 பேரின் பெயர்கள் உள்ளன. அவை கப்பல்வாரியாகப் பொறிக்கப்பட்டவை. குடும்பப் பெயரை வைத்துச் சுவர் சுவராகத் தேடினால் கால்தான் வலிக்கும். அங்கே பெயர் இல்லை என்றால் மறந்துவிட்டார்கள் என்றும் எண்ண வேண்டாம். கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாதவர்களுக்கான இடம் அது. கரையில் அடக்கம் செய்யப்பட்டவரின் பெயர் அங்கே வராது. கடற்படையோடு தனி ஒப்பந்தம் செய்துகொண்டு போர்க்கப்பல்களில் பணியாற்றி இறந்த வணிக மாலுமிகளுக்கு லிவர்பூலில் வேறொரு நினைவகம் இருக்கிறது.

இந்திய மாலுமிகள் விஷயத்தில் நடக்கும் தவறு இன்னும் கொடியது. அன்றைய பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். சில்ஹெட், சிட்டகாங், கோவா, ரத்னகிரி பக்கத்து ஏழைக் குடும்பங்களிலிருந்து போனவர்கள் ஏராளம். ‘லஸ்கர்’ (ஆசிய மாலுமி) என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாரையும் அடைத்துவிட்டார்கள். பதவிகளின் பெயரைக் கேட்டால் நம் கடற்கரைக்காரர்களுக்கே நெருக்கமாக இருக்கும்: சாரங்கு (மாலுமிகளின் தலைவர்), தண்டல் (அவருக்கு அடுத்தவர்), பண்டாரி (சமையல்காரர்). இறந்த இந்திய மாலுமிகள் 6,000-க்கும் மேற்பட்டோர். அவர்களுடைய பெயர்கள் கல்லில் இல்லை, நினைவேடுகளில் இருக்கின்றன. ஒன்று சிட்டகாங் போர்க் கல்லறையில், மற்றொன்று மும்பையில் உள்ள இந்திய மாலுமிகள் இல்லத்தில். காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தர் எப்படி எழுதினாரோ அப்படித்தான் பெயர் நிற்கும். ஆகவே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், கப்பல், பதவி, தந்தை பெயர், ஊர் என்று நான்கையும் சேர்த்துப் பாருங்கள்.

1940 செப்டம்பர் 17 அன்று அட்லாண்டிக்கில் மூழ்கடிக்கப்பட்ட ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ கப்பலை, போரிலிருந்து காக்க அரசுத் திட்டத்தில் அனுப்பப்பட்டு அதில் இறந்த 77 குழந்தைகளுக்காக உலகம் நினைவில் வைத்திருக்கிறது, வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் எட்டு நாட்கள் மிதந்து கடைசியாக மீட்கப்பட்ட படகில் ஆறு சிறுவர்களோடு இருந்தவர்களில் பெரும்பான்மையோர் இந்திய மாலுமிகள். பருத்தி உடையில் வட அட்லாண்டிக் குளிரில் உட்கார்ந்திருந்தவர்கள். அந்தக் கப்பலோடு போன இந்தியர்களும் பலர். அவர்களை ‘மற்றும் பணியாளர்கள்’ என்று எழுதிவிட்டுக் கடக்கும் கட்டுரைகளைப் பார்க்கும்போது மனம் கொதிக்கிறது.

வீட்டில் அவர் படத்தின் கீழே பெயரும் தேதியும் எழுதும்போது, கப்பலின் பெயரையும் அவர் பார்த்த வேலையையும் சேர்த்து எழுதுங்கள். கொதிகலன் அறையில் கரி அள்ளியவராக இருந்தால் அப்படியே எழுதுங்கள். கப்பல் தாக்கப்பட்டபோது கீழ்த்தளத்திலிருந்து மேலே ஏறிவர அவருக்குத்தான் வழி மிக நீளம்.