மே மாதத்தில் வளவு வீட்டில் ஒரு வாரம்

பள்ளி விடுமுறையும் வெயிலின் உச்சமும் ஒரே மாதத்தில் வருவதால், சென்னையிலும் கோவையிலும் குடியிருக்கும் செட்டிநாட்டுக் குடும்பங்கள் சொந்த ஊரில் வளவு வீடு எனப்படும் பெரிய வீட்டின் பூட்டைத் திறப்பது பெரும்பாலும் மே மாதத்தில்தான். மே 4-ஆம் நாளை ஒட்டி அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிடும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அந்நாள்களில் வெப்பம் 40 பாகை செல்சியசை நெருங்குவது புதிதன்று. எண்பது வயது ஐயாவையும் (தாத்தாவையும்) ஐந்து வயதுப் பேரனையும் வைத்துக்கொண்டு அந்த வாரத்தை நலமாகக் கழிக்க, ஓர் அறையில் ஏசியை மாட்டி அனைவரும் அதற்குள் முடங்குவதைவிட, வீட்டின் எந்த இடம் எந்த நேரத்தில் குளிர்ந்திருக்கிறது என்று கவனித்துக் குடும்பமும் அதற்கேற்ப இடம் மாறுவதே சிறந்தது என்பது என் கருத்து.

பங்காளிகளிடம் சொல்லிச் சாவியை வாங்கியதும், இரண்டு நாள் முன்னதாகவே ஆள் அனுப்பி வீட்டைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் சுருட்டி வைத்த பாய், விறகு அடுக்கு, பழைய பெட்டிகள் ஆகியவற்றின் கீழே தேளோ பாம்போ தங்கியிருக்கலாம்; எதையும் கம்பால் தட்டிய பிறகே தூக்க வேண்டும். கடித்துவிட்டால் கீறுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்க, முகப்பு, நடுவே திறந்த முற்றம் கொண்ட வளவு, அதன் பின்னே இரண்டாங்கட்டு, அடுப்படி என ஒரே நேர்கோட்டில் வாசல்கள் அமைந்திருப்பது அழகுக்காக மட்டும் அன்று. இரவில் இந்த வாசல்களின் வழியே காற்றை ஓடவிட்டால், பகலெல்லாம் வெப்பத்தை வாங்கிய கனத்த சுவர்கள் விடிவதற்குள் தணிந்துவிடும். திருட்டு அச்சம் இருந்தால் கம்பிக் கதவை மட்டும் பூட்டிக்கொள்ளலாம். காலை எட்டு மணிக்குமேல் வெயில் விழும் பக்கத்துச் சன்னல்களை மூடிவிட வேண்டும்; நகரத்துப் பழக்கத்தில் "காற்று வரட்டும்" என்று நண்பகலில் எல்லாவற்றையும் திறந்து வைப்பதுதான் நாம் செய்யும் பெரிய பிழை. ஒன்பது மணி வரை திண்ணையில் அமரலாம். அதன்பின் வளவைச் சுற்றியுள்ள நிழல் தாழ்வாரத்துக்கும், உச்சி வேளையில் உள்ளறைகளுக்கும் மாறிவிடுங்கள். வெயில் இறங்கியதும் வளவின் திறந்த முற்றத்தில் நாலு வாளி தண்ணீர் ஊற்றினால் அரை மணி நேரத்தில் மாற்றம் தெரியும். ஆனால் வெப்பம் 40 பாகையைத் தாண்டிவிட்டால் மின்விசிறி சூடான காற்றையே உடலின்மீது வீசும். அப்போது ஈரத்துணியால் உடலைத் துடைப்பதே பயன் தரும். இதய நோயாளியோ மிகவும் தளர்ந்தவரோ இருந்தால், அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஏசி அறையை மறுக்க வேண்டியதில்லை.

முதியோரிடம் "தண்ணீர் வேண்டுமா ஐயா?" என்று கேட்பதில் பயனில்லை, வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குவதால் "வேண்டாம்" என்றே பதில் வரும். கேட்காமல் மணிக்கு ஒரு முறை அரைக் குவளை கையில் கொடுங்கள். நீர் பிரிவதற்கான மாத்திரை உண்பவர்கள், சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் நாளொன்றுக்கு எவ்வளவு குடிக்கலாம் என்பதைப் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஊரில் யார் வீட்டுக்குச் சென்றாலும் இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். அதில் பொட்டாசியம் மிகுதி என்பதால் சிறுநீரக நோயாளிக்கு அது ஆகாது. சர்க்கரை நோயாளிக்குப் பானகமும், இரத்த அழுத்தம் உள்ளவருக்கு உப்பு மிகுந்த நீர்மோரும் அப்படியே. இன்சுலினைப் பயணத்தில் காரின் முன்தட்டில் வைக்காதீர்கள்; மின்வெட்டு நீண்டால், காற்றுப் புகாத டப்பாவில் இட்டு, நீர் நிரம்பிய மண்பானைக்குள் வைக்கலாம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் கையிருப்பில் இருக்கட்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைச் சரியாக ஒரு லிட்டர் நல்ல நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும்.

பேச்சுக் குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் தடுமாறினாலோ, உடல் நெருப்பாகச் சுட்டாலோ அதைக் களைப்பு என்று எண்ணிப் படுக்க வைத்துவிடாதீர்கள். அது வெப்பத் தாக்காக இருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீரை ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் எதையும் புகட்டக் கூடாது.

வெயிலுக்கு அஞ்சும் நாம் வழுக்கலை மறந்துவிடுகிறோம். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை ஈரம் பட்டால் வழுக்கும். வாசல்தோறும் நிலைப்படி உயர்ந்திருக்கும். கழிப்பறையோ பெரும்பாலும் பின்கட்டில் இருக்கும். இரவில் அவ்வளவு தூரம் நடக்கும் ஆயாவுக்கு (பாட்டிக்கு), வழியெங்கும் சிறு விளக்கும், பின்கட்டுக்கு அருகிலேயே கட்டிலும் ஏற்பாடு செய்யுங்கள். முற்றம் உலரும் வரை அப்பக்கம் யாரும் நடக்க வேண்டாம்.

உச்சி வேளையை எப்படிக் கழிப்பது என்பதே குழந்தைகளோடு வந்தவர்களின் கவலை. பரணிலிருந்து பல்லாங்குழிப் பலகையை இறக்குங்கள். வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து சோழியோ புளியங்கொட்டையோ இட வேண்டும். தன் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி ஒவ்வொன்றாக இட்டுச் சென்று, கை தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதற்கும் அடுத்ததில் இருப்பதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிராளிக்கு விட வேண்டும். இடையில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். விதிகள் வீட்டுக்கு வீடு சற்றே மாறும். சச்சரவு வந்தால் ஆயா சொல்வதே சட்டம். அப்படி அவரைக் கேட்டு ஆடும்போது, வீட்டில் ஓர் ஓரமாக அமர்த்தப்பட்டிருந்தவர் ஆட்டத்தின் நடுவுக்கு வந்துவிடுகிறார். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் கொட்டைகள் எட்டாமல் இருக்கட்டும்.

வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம் போன்ற எண்ணெய்ப் பலகாரங்களை மாலைக்கு ஒத்தி வைத்து, பகல் சமையலைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிட்டால் அடுப்படியில் நிற்பவரும் பிழைப்பார். பிள்ளையார்பட்டிக் கோவிலுக்கோ குன்றக்குடிக் கோவிலுக்கோ செல்வதென்றால் விடியற்காலையில் செல்லுங்கள். நண்பகலில் கல் தளம் வெறுங்காலைப் பொசுக்கிவிடும். ஊருணியில் நீர் இருந்தால், நீந்தத் தெரிந்த பெரியவர் உடன் இறங்காமல் பிள்ளைகளை விடக் கூடாது.

ஊர் திரும்பும் நாளில் அண்டா, கிடாரம், வாளி அனைத்தையும் கவிழ்த்துவிடுங்கள். தேங்கிய நீரில் ஒரு வாரம் பத்து நாளில் கொசு உருவாகிவிடும். மாத்திரைப் பெட்டியையும் பானைக்குள் இருக்கும் இன்சுலினையும் எடுத்துக்கொண்ட பிறகு சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம்.