யெதர் கட்டுவது எப்படி? சாய்த்த வேலிக்கு விளார் பின்னல்

வட இங்கிலாந்தின் பழைய பேச்சில் ‘யெதர்’ என்றால், சாய்த்துப் படுக்கவைத்த உயிர்வேலியின் உச்சியில், தரையில் அடித்த முளைக்குச்சிகளுக்கு இடையே பின்னிவிடும் நீளமான பச்சை விளார். ‘யெடர்’ என்றும் சொல்வார்கள். வேலியைக் குறித்த ‘எடொர்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லோடு இதற்கு உறவு உண்டு. இன்றைய பயிற்சி வகுப்புகளில் ‘பைண்டர்’ என்கிறார்கள்.

அழகுக்காகப் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பாதி வெட்டிச் சாய்த்த தண்டுகள் விறைப்போடு எழும்பப் பார்க்கும். மாடு சாய்ந்தால் முளைக்குச்சிகள் ஒவ்வொன்றாக ஆடும். எல்லாத் தலைகளையும் ஒன்றாகப் பிணைத்துப் பூட்டுவது யெதர்தான். மூன்று, நான்கு ஆண்டுகளில் உளுத்து உதிர்ந்துவிடும். அதற்குள் அடிக்கட்டையிலிருந்து புதுத் தளிர்கள் எழுந்து வேலி தானே நிற்கும்.

தொடங்கும் முன்

தண்டு சாய்ப்பது தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: தண்டின் கனத்தைப் போல மூன்று, நான்கு மடங்கு உயரத்தில் சரிவாக வெட்டத் தொடங்கி, பட்டையும் அதை ஒட்டிய மெல்லிய மரமும் மட்டும் நாக்கு போல மிஞ்சும்வரை கீழே இறக்கியிருக்க வேண்டும். அடிக்கட்டையில் நீட்டிக்கொண்டு நிற்கும் முனையைத் தரையோடு ஒட்டிச் சீவிவிடுங்கள். விட்டால் தளிர் உயரத்தில் கிளம்பும், வேலியின் அடி வெறிச்சோடிப்போகும். சரிவான நிலத்தில் மேட்டைப் பார்த்துச் சாய்ப்பதே முறை.

இலை உதிர்ந்த பின் அக்டோபரிலிருந்து மார்ச் வரை இந்த வேலைக்கான பருவம். இங்கிலாந்தின் 2024 விதிகள்படி மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாய நிலத்து வேலிகளை வெட்டக் கூடாது. தண்டு சாய்ப்பதற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை விலக்கு உண்டு. பறவைக் கூடு கட்டியிருந்தால் அந்த விலக்கும் உதவாது. கடும் உறைபனி நாளில் தண்டைத் தொடாதீர்கள், பட்டென்று முறியும்.

முளைக்குச்சி

ஹேசல் (புதராக வளரும் ஒரு கொட்டை மரம்) அல்லது சீமைக் கஷ்கொட்டை. நீளம் 1.65 மீட்டர், கனம் 4 செ.மீ. இடைவெளி 45 செ.மீ. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வைத்து அளந்தால் போதும். 10 மீட்டருக்கு 23 குச்சிகள் ஆகும். 30 முதல் 40 செ.மீ. ஆழம் இறங்கட்டும். கடைசி இரண்டும் மற்றவற்றைவிடத் தடிமனாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் அடித்தபின் ஒரு முனையில் குனிந்து, ஒற்றைக் கண்ணால் வரிசையைப் பாருங்கள். கோணல் இருந்தால் இப்போதே திருத்துங்கள். பின்னல் இறுகிய பின் ஒரு குச்சியைக்கூட அசைக்க முடியாது. தலைகளை இப்போது அறுக்கவே கூடாது.

விளார்

ஹேசல்தான் முதல் தேர்வு, வில்லோ மரத்து விளாரும் வளையும். அடியோடு வெட்டிவிட்ட ஹேசல் கட்டையிலிருந்து ஏழெட்டு ஆண்டு வளர்ந்த விளார் சரியான அளவில் இருக்கும்: நீளம் மூன்று மீட்டர், அடிப்பக்கம் கட்டைவிரல் கனம். 3 செ.மீ.க்கு மேல் போனால் அது வளைவதற்குப் பதில் முளைக்குச்சியை வெளியே தள்ளும். பக்கக் கிளைகளைச் சீவிவிடுங்கள், நுனியை மட்டும் வெட்டாதீர்கள்.

இரட்டை இழைப் பின்னலில் 10 மீட்டருக்குப் பன்னிரண்டு விளார்கள் வேண்டும். மாடு மேயும் பக்கமாக இருந்தால் ஒவ்வோர் இழையிலும் இரண்டிரண்டாக வைத்து, இருபத்துநான்கு. நிழலில், ஈரத் தரையில் கிடத்தினால் சில வாரம் பச்சை மாறாது. வெயில் படும் சுவரில் சாய்த்து வைத்தால் சீக்கிரம் காய்ந்துவிடும், காய்ந்தது ஒடியும்.

பின்னல்

எல்லோரும் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான், நிதானமாகப் படியுங்கள்.

முதல் விளாரின் அடியை 1ஆம் குச்சிக்குப் பின்னால் செருகுங்கள். அது 1க்கும் 2க்கும் நடுவே முன்னால் வந்து, 2ஆம் குச்சியின் முகப்பைக் கடந்து, 3இன் பின்னால் நுழையட்டும். இரண்டாம் விளாரின் அடியை 2ஆம் குச்சிக்குப் பின்னால் செருகுங்கள். அது 2க்கும் 3க்கும் நடுவே வெளியே வந்து, 3இன் முகப்பைக் கடந்து, 4இன் பின்னால் போகட்டும். இப்போது ஒவ்வொரு இடைவெளியிலும் ஒன்று உள்ளே போகும், ஒன்று வெளியே வரும்.

விதி இதுதான்: உள்ளே போவது எப்போதும் மேலே, வெளியே வருவது எப்போதும் கீழே. இதை மாற்றாமல் போனால் இரண்டும் கயிறு திரிப்பதுபோல ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். ஓர் இடைவெளியில் மாறிவிட்டாலும் அங்கே முறுக்கு அவிழ்ந்துவிடும். பார்வைக்குப் பின்னல் போலவே இருக்கும். கையால் மேலே தூக்கினால் மொத்தமும் கழன்று வரும். நான்கைந்து குச்சிக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்துச் சோதியுங்கள்.

குச்சியைச் சுற்றும்போது விளாரை வெறுமனே வளைக்காதீர்கள். மணிக்கட்டைத் திருப்பி விளாரை அதன் அச்சிலேயே முறுக்கிக்கொண்டே வளையுங்கள். நார்கள் பிரிந்து மெல்லிய சடசடப்பு கேட்கும். அது சரியான ஒலி. முறுக்காமல் மடக்கினால் வெள்ளையாகப் பிளந்து, முட்டி போல மடிந்து நிற்கும். அப்படி மடிந்ததை உருவிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

ஒரு விளார் நுனியில் பென்சில் கனத்துக்கு மெலியும்போதே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். புதியதன் அடியைக் குச்சிக்குப் பின்னால் செருகி, பழைய நுனியோடு இரண்டு, மூன்று குச்சிகளுக்குச் சேர்த்தே ஓட்டுங்கள். இரண்டு இழைகளுக்கும் ஒரே இடத்தில் இணைப்பு வரவேண்டாம். அந்த இடம் முதலில் விட்டுப்போகும். தண்டு சாய்ந்திருக்கும் திசையிலேயே பின்னிக்கொண்டு போவது எனக்குப் பிடித்த முறை. கடைசியில் நுனிகளைத் திருப்பி, முடிந்த பின்னலுக்குள்ளேயே செருகிவிடுங்கள்.

பிறகு மரச் சுத்தியால் கீழே தட்டி இறக்குங்கள். குச்சியை ஒட்டித் தட்ட வேண்டும், நடு இடைவெளியில் அல்ல. தரையிலிருந்து 1.1 மீட்டர் அளவில் மேல்விளிம்பு ஒரே கோடாக வந்ததும், பின்னலுக்கு மேல் 5 செ.மீ. விட்டு, மழைநீர் வழிய, குச்சித் தலைகளைச் சரிவாக அறுங்கள்.

கருவிகள்

தண்டு வெட்ட யார்க்‌ஷயர் பில்ஹூக் (வெட்டரிவாள்) என் தேர்வு: நீளக் கைப்பிடி, இருபுறமும் கூர். பின்னலுக்கு அது தேவையில்லை. மடக்கு ரம்பம், மரச் சுத்தி, மெல்லிய தோல் கையுறை போதும். தடித்த கையுறையில் முறுக்கு கைக்குத் தெரியாது. பிளாக்தார்ன் என்ற முட்புதர் வேலியானால் மட்டும் தடித்ததே அணியுங்கள். அதன் முள் தோலுக்குள் ஒடிந்து தங்கினால் சீழ் பிடிக்கும், அன்றே எடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

கம்பி அல்லது பிளாஸ்டிக் கயிறு போடலாமா? வேண்டாம். தண்டு பருக்கும்போது கம்பி மரத்துக்குள் புதைந்துபோகும். பின்னாளில் ரம்பமோ டிராக்டர் வெட்டியோ அதில் மோதும். விளார் கிடைக்காவிட்டால் முள் சீவிய நீளமான பிராம்பிள் கொடி பரவாயில்லை.

யார்க்‌ஷயரில் பார்த்த வேலிகளில் பின்னலே இல்லையே? ஆமாம். இன்றைய யார்க்‌ஷயர் பாணியில் அறுத்த மரக் குச்சிகளின் மேல் சட்டத்தை ஆணியடிப்பார்கள். லங்காஷயர்–வெஸ்ட்மர்லண்ட் பாணியில் இருபுறமும் மாற்றி மாற்றிக் குச்சி அடிப்பதோடு சரி. யெதர் பின்னலை இன்று பார்க்க வேண்டுமானால் மிட்லண்ட்ஸ் (நடு இங்கிலாந்து) பாணி வேலிகளைத் தேடிப் போங்கள்.

முளைக்குச்சியில் இலை விடுகிறதே? அது பச்சை வில்லோவாக இருக்கும். வேர் பிடித்துவிட்டால் வேலியின் ஹாத்தார்ன் முட்செடியை அமுக்கி வளரும். முதல் கோடையிலேயே பிடுங்கி, அதே குழியில் ஹேசல் குச்சியை இறக்குங்கள். பிடுங்கும் முன் பக்கத்து இடைவெளியில் ஒரு குச்சியைத் தற்காலிகமாக அடித்துப் பின்னலுக்கு முட்டுக் கொடுத்துக்கொள்ளுங்கள்.