வெஸ்டெர்மில் பின்னணிப் படமும் நிறமும்: ஸ்கிரிப்ட் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெஸ்டெர்ம் டெர்மினலின் கான்ஃபிக் ஃபைலை (அமைப்புகள் உள்ள ஃபைல்) லுவா என்ற நிரல்மொழியில் எழுதுகிறோம். அதனால் நேரத்துக்கு ஒரு படம், சர்வருக்கு ஒரு நிறம் என்று எதையும் நிரலாகவே செய்துகொள்ளலாம். சிக்கலும் அங்கேதான். படம் தாறுமாறாக மாறுகிறது, மாறவே மாட்டேன் என்கிறது, சிபியு எகிறுகிறது என்றால் படத்தைக் குறை சொல்லாதீர்கள். எழுதிய வரி எப்போது, எத்தனை முறை ஓடுகிறது என்று பாருங்கள்.

கான்ஃபிக் ஃபைல் ஒரே ஒருமுறைதான் ஓடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. தொடங்கும்போதே அது பலமுறை ஓடலாம். ஃபைலைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி ஓடும். ஃபோல்டரிலிருந்து ரேண்டமாக ஒரு படத்தை எடுக்கும் வரியை ஃபைலின் மேல்மட்டத்தில் வைத்தால், எழுத்தளவை மாற்றிச் சேமித்தாலும் படம் மாறிவிடும். டைமரை அங்கே வைத்தாலும் ஒவ்வொரு ரீலோடுக்கும் அது முதலிலிருந்து தொடங்கும். தேர்ந்தெடுத்த படத்தின் பெயரை ‘வெஸ்டெர்ம் டாட் குளோபல்’ டேபிளில் (பெயரும் மதிப்புமாகச் சேமிக்கும் லுவா அமைப்பு) போட்டுவையுங்கள். ரீலோடு ஆனாலும் அது அழியாது. அதில் பெயர் இருந்தால் புதிதாக எடுக்க வேண்டாம்.

ஓடிக்கொண்டிருக்கும் விண்டோவில் படத்தை மாற்ற ‘செட் கான்ஃபிக் ஓவர்ரைட்ஸ்’ இருக்கிறது: ஃபைலைத் தொடாமல் அந்த விண்டோவுக்கு மட்டும் அமைப்பை மாற்றும், அதுதான் ஓவர்ரைடு. இதில் மூன்று இடங்களில் சறுக்கும்.

ஒன்று, நீங்கள் கொடுக்கும் டேபிள் பழைய ஓவர்ரைடுகளோடு சேராது, அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். படத்தை மட்டும் அனுப்பினால், முன்பு ஓவர்ரைடு செய்த நிறத் தொகுப்பு காணாமல் போகும். முதலில் ‘கெட் கான்ஃபிக் ஓவர்ரைட்ஸ்’ மூலம் இருப்பதை வாங்கி, அதில் ஒன்றை மட்டும் மாற்றித் திருப்பிக் கொடுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் நில் (மதிப்பே இல்லை என்பதற்கான லுவா சொல்) வரும். அதற்கு ‘ஆர்’ (அல்லது) போட்டு வெற்று டேபிளைச் சேர்க்க மறக்காதீர்கள்.

இரண்டு, ஒவ்வொரு அழைப்பும் ‘விண்டோ கான்ஃபிக் ரீலோடட்’ நிகழ்வைக் கிளப்பும். அந்த நிகழ்வுக்குள்ளிருந்தே ஓவர்ரைடு செய்தால் முடிவில்லாத சுழற்சிதான். மதிப்பு உண்மையிலேயே வேறாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுவிட்டு, வேறானால் மட்டும் அழையுங்கள்.

மூன்று, ஓவர்ரைடு இருக்கும்வரை ஃபைலில் உள்ள அதே அமைப்புக்கு அந்த விண்டோவில் மதிப்பில்லை. ஃபைலைத் திரும்பத் திரும்பத் திருத்தியும் படம் மாறவில்லையென்றால் காரணம் இதுவாக இருக்கலாம். அந்த மதிப்பை நில் ஆக்கினால் ஓவர்ரைடு நீங்கிவிடும்.

ஷெல்லிலிருந்து நிறத்தை மாற்றுபவர்கள் பெரும்பாலும் 1337 எண்ணுள்ள எஸ்கேப் வரிசையால் (டெர்மினலுக்கான கட்டளையாகும் எழுத்துத் தொடர்) யூசர் வேரியபிளை, அதாவது பெயரிட்ட ஒரு மதிப்பை, வெஸ்டெர்முக்கு அனுப்புவார்கள். மதிப்பு பேஸ்64 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருக்க வேண்டும். வெறும் எக்கோவைப் பைப் செய்தால் கடைசியில் ஒரு நியூலைனும் சேர்ந்தே என்கோட் ஆகும். லுவா பக்கம், நீங்கள் அனுப்ப நினைத்த ‘புரொடக்ஷன்’ போன்ற சொல்லோடு ஒப்பிட்டால் பொருந்தாது, பிழைச் செய்தியும் வராது. பிரிண்ட்எஃப் பயன்படுத்துங்கள். லினக்ஸின் பேஸ்64 கட்டளை 76 எழுத்துக்கு ஒருமுறை வரியை உடைக்கும் என்பதால் நீளமான மதிப்புக்கு டபிள்யூ ஆப்ஷனில் 0 கொடுங்கள். டிமக்ஸுக்குள் (ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை நடத்தும் கருவி) இருந்தால் இந்த வரிசை வெளியே போகாது. டிமக்ஸின் ‘அலவ் பாஸ்த்ரூ’ ஆன் ஆக வேண்டும், வரிசையையும் டிமக்ஸுக்கான உறையில் வைத்து, உள்ளே வரும் ஒவ்வொரு எஸ்கேப்பையும் இரட்டிக்க வேண்டும்.

படத்தின் ஃபைல் பாதையில் ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும் டில்டே குறி போடாதீர்கள். அதை விரிப்பது ஷெல். லுவாவுக்கு அது வெறும் எழுத்து. ‘ஹோம் டிர்’ மதிப்போடு ஒட்டுங்கள். விண்டோஸில் பின்சாய்வுக்கோட்டுக்குப் பதில் முன்சாய்வுக்கோடு போதும்.

வெளிச்சத்துக்கு வருவோம். பின்னணிப் படத்தின் பிரைட்னஸின் இயல்பு மதிப்பு 1.0. அப்படியே விட்டால் புகைப்படத்தின் மேல் எழுத்தைப் படிக்க முடியாது. 0.3இல் தொடங்கி, வானமோ மணலோ உள்ள படமானால் 0.1 வரை இறக்கலாம். கறுப்பின் மேல் தூய நீல எழுத்துக்கு வேறுபாட்டு விகிதம் 2.44தான், வாசிக்கத் தேவை என்று அணுகல்தன்மை நெறிகள் சொல்வது 4.5. பின்னால் படமும் வந்தால் கேட்கவே வேண்டாம். பேலட்டில் (டெர்மினலின் நிறப் பட்டியல்) நீலத்துக்கான 4ஆம் எண் நிறத்தை வெளிர்நீலமாக்குவது பிரைட்னஸோடு மல்லுக்கட்டுவதைவிட எளிது.

விம் எடிட்டரைத் திறந்ததும் படம் மறைந்தால் வெஸ்டெர்மைத் தோண்ட வேண்டாம். விம்மின் கலர்ஸ்கீம் ஒவ்வொரு கட்டத்துக்கும் தன் பின்னணி நிறத்தைப் பூசுகிறது. ‘நார்மல்’ ஹைலைட்டின் பின்னணியை ‘நன்’ ஆக்குங்கள். அதைக் கலர்ஸ்கீம் நிகழ்வுக்கான ஆட்டோகமாண்டில் (நிகழ்வு நடந்ததும் தானே ஓடும் கட்டளை) வையுங்கள், இல்லையென்றால் அடுத்த ஸ்கீம் ஏறும்போது பழையபடி ஆகிவிடும். வெஸ்டெர்மின் ‘டெக்ஸ்ட் பேக்கிரவுண்ட் ஒபாசிட்டி’யைக் குறைத்தாலும் படம் தெரியும், ஆனால் தேர்வு செய்த வரியின் நிறமும் சேர்ந்து மங்கும். எங்கள் ஓட்டு முதல் வழிக்கே.