வெலெபிட் மலையில் ஓடையைத் தேடாதீர்கள்

போன மாதம் வெலெபிட் மலையில், நடப்பவர்கள் தங்கும் ஸவிஜான் குடில் வாசலில் நம்மூர்ப் பையன்கள் இரண்டு பேர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். போதுமா என்று கேட்டேன். ஒருவன் போனில் வரைபடத்தைக் காட்டினான். “பாதை முழுக்கப் பச்சையாத்தானே இருக்கு அண்ணா, ஓடை வராமலா போகும்?” முதல் தடவை வந்தபோது நானும் இதையேதான் சொன்னேன். செருப்பு, தொப்பி பற்றியெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். இங்கே நடக்க வருகிறவர்கள் செய்யும் மற்ற தவறுகளை நான் சொல்கிறேன்.

வெலெபிட், குரோஷியாவின் அட்ரியாட்டிக் கரையை ஒட்டிச் சுமார் 145 கி.மீ. நீளும் மலை, தினாரிக் மலைத்தொடரின் ஒரு பகுதி.

பச்சையை நம்புவது

இங்கே மழைக்குக் குறைவில்லை. மலைக்குப் பின்புறம், உள்நாட்டு லிக்கா பகுதியின் பக்கம் பீச் (beech) என்ற மரத்தின் காடு அடர்ந்து கிடக்கிறது. ஆனால் காட்டுக்குள் நின்று காது கொடுத்தால் தண்ணீர்ச் சத்தமே கேட்காது. மலையில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல். மழைநீர் கரியமில வாயுவோடு சேர்ந்து லேசான அமிலமாகி அந்தக் கல்லை அரிக்கிறது. விரிசல் பிளவாகிறது, பிளவு குகையாகிறது. பெய்த மழை நிற்காமல் உள்ளே இறங்கிவிடுகிறது. 1992-ல் கண்டுபிடித்த லுகினா யாமா என்ற குகையின் ஆழம் 1,431 மீட்டர். அவ்வளவு ஆழத்துக்குப் போகும் தண்ணீரை மேலே நடப்பவர் எங்கே பிடிப்பது?

முதல் தடவை வந்த அந்த ஆகஸ்டில், இந்த மலை மேலே போகும் பிரமுஜிச் பாதையில் நானும் நண்பரும் நடந்தோம். 1930-33-ல், சாந்து இல்லாமல் கல்லை அடுக்கியே போட்ட 57 கி.மீ. பாதை. மதியத்துக்குள் பாட்டில் காலி. ஒரு கல்குடிலில் கூரை மழைநீர் சேரும் தொட்டி இருந்தது. மூடியைத் தூக்கி வாளியை இறக்கினேன். சேறும் இலைச் சருகும்தான் வந்தன. சாயங்காலம் நண்பருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் நடையை அத்தோடு விட்டு, இருட்டில் சாலைக்கு இறங்கினோம். ஓடை இருக்கும் என்று அவரை நம்ப வைத்தவன் நான். அது இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் அந்த ஒரு லிட்டர் பாட்டிலைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது.

மழை அளவை வைத்தும் ஏமாற வேண்டாம். இதே தினாரிக் தொடரில் தெற்கே, மாண்டினீக்ரோ நாட்டின் ஓர்யென் மலையில் கிர்க்விட்சே என்ற ஊர். ஆண்டுக்குச் சராசரி 4,600 மி.மீ. அளவுக்கு மழை. ஐரோப்பாவிலேயே அதிகம் நனையும் ஊர்களில் ஒன்று. அந்த மலையிலும் ஓடை கிடையாது.

உள்ளே போன தண்ணீர் கடலோரத்தில் ஊற்றாகவும், கடலுக்கு அடியிலும் வெளியே வருகிறது. கடலடி ஊற்றை ‘வ்ருல்யா’ என்பார்கள். வெயிலில் நீந்தும்போது திடீரென்று காலடியில் ஜில்லென்று ஏறும். மேலே தண்ணீர் வட்டமாகச் சுழித்துக் கிடக்கும். மலை மேல் நாம் தேடிய தண்ணீர் அதுதான்.

சரி, எவ்வளவு எடுக்க வேண்டும்? கோடையில் ஒரு நாளைக்கு ஒருவருக்கு நான்கு லிட்டர் எடுக்கிறேன். அடுத்த குடிலின் தொட்டியில் தண்ணீர் உண்டா என்று முந்தின குடிலிலேயே கேட்டுவிடுகிறேன்.

உச்சியின் உயரம் 1,757 மீட்டர்தானே என்பது

கரையிலிருந்து கிளம்பினால் கடல் மட்டத்திலிருந்தே ஏறுகிறீர்கள். அத்தனை மீட்டரையும் உங்கள் கால்தான் ஏற வேண்டும்.



 

காற்று கடலிலிருந்து வரும் என்று நினைப்பது

இங்கே பயப்பட வேண்டிய காற்று நிலத்திலிருந்து வருகிறது. பெயர் ‘புரா’. உள்நாட்டுக் குளிர்காற்று முகட்டைத் தாண்டிக் கடலை நோக்கிச் சரிந்து விழும். மணிக்கு 200 கி.மீ.க்கு மேலும் வீசியிருக்கிறது. எதிரே பாக் தீவைப் பாருங்கள்: மலையைப் பார்த்த பக்கம் மொட்டைப் பாறை. புரா வாரியடிக்கும் உப்பில் அங்கே செடி நிற்பதில்லை.

வானம் நீலமாக இருக்கிறதே என்று கிளம்பிவிடாதீர்கள். புரா தெளிந்த வானத்திலும் அடிக்கும். கரையிலிருந்து முகட்டைப் பாருங்கள். தொப்பி வைத்தது போல் வெள்ளை மேகம் உட்கார்ந்திருந்தால் புரா வருகிறது. அன்றைக்கு மேலே போகாதீர்கள்.