ரெண்டு பக்கமும் ஒண்ணு போல தோல் வெட்டணுமா, பாதி மட்டும் வரைங்க

பாம்பன்ல டூரிஸ்ட் கடை போட்டிருக்கவங்க கேட்டாங்கன்னு திருக்கை மீன் மாதிரி தோல்ல கீசெயின் வெட்ட ஆரம்பிச்சேன். திருக்கை ரெண்டு பக்கமும் செட்டையை விரிச்சுக்கிட்டு இருக்கும்ல, அதுல ஒரு பக்கம் ரெண்டு எம்எம் கூடுனாலும் மீன் கோணிக்கிட்டு நிக்கும். முதல்ல வெட்டுன பீஸைப் பாத்துட்டு எங்க மாமா "இது கருவாட்டுக்குத்தான் ஆகும்"னாரு.

நான் பண்ண தப்பு முழு மீனையும் கையால வரைஞ்சதுதான். எவ்வளவு பழகுன கையா இருந்தாலும் இடது பக்கம் ஒரு மாதிரியும் வலது பக்கம் வேற மாதிரியும்தான் வரும். அதனால பாதி மீனுக்கு மட்டும் டெம்ப்ளேட் (அளவு அச்சு) வரைஞ்சு வெட்டணும், அதையே திருப்பிப் போட்டு மறுபாதியை எடுத்துக்கணும்.

தாளை மடிச்சு வெட்டி விரிச்சா போதாதான்னு கேப்பீங்க. மெல்லிசு தாளுக்குப் போதும், தடிச்ச அட்டையை மடிச்சா மடிப்புலயே கனம் ஏறி மேல் மடிப்பு ஒரு அளவு கீழ் மடிப்பு ஒரு அளவுன்னு வந்துரும். இன்னொண்ணு, நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையில அட்டை ஈரம் குடிச்சு உப்பிரும், அதுவும் நீளத்துல ஒரு அளவு அகலத்துல ஒரு அளவுன்னு உப்பும், காஞ்ச பிறகும் நெளிஞ்சேதான் கிடக்கும்.

அதனால நான் அட்டையை விட்டுட்டு பழைய எக்ஸ்ரே பிலிமுக்கு மாறிட்டேன். எல்லார் வீட்டு பீரோவுலயும் ரெண்டு மூணு இருக்கும். ப்ளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியில ஊறப்போட்டுத் தேச்சா கருப்பு போயி கண்ணாடி மாதிரி ஆயிரும் (கையுறை போட்டுக்கங்க, வாசப்பக்கம் வச்சுச் செய்ங்க). கீழ உள்ள தோல்ல தழும்பு, கொசுக்கடி எங்க இருக்குன்னு பிலிம் வழியாவே தெரியும், எனக்குப் பிடிச்சதே அதுதான்.

பிலிமோட நேர் ஓரம் மெஷின்ல வெட்டுனது, நீங்க ஸ்கேல் வச்சு வெட்டுறதை விட நேரா இருக்கும், அதையே நடுக்கோடா வச்சுக்கங்க. அந்த ஓரத்தை ஒட்டி பாதி மீனை வரைஞ்சு வெட்டுங்க, வளைவுக்கு பிளேடைத் திருப்பாம பிலிமைத் திருப்புங்க. நேர் ஓரத்துல தலைகிட்ட ஒண்ணு வால்கிட்ட ஒண்ணுன்னு சின்னதா வி மாதிரி ரெண்டு வெட்டு போட்டுருங்க. தோல்ல குத்தூசியால நடுக்கோடு கீறி, பிலிம் ஓரத்தைக் கோட்டுல வச்சு, வி வெட்டு ரெண்டுக்கும் நேரா கோட்டு மேலயே புள்ளி குத்தி, சுத்தி ஒரு கீறல். அப்புறம் புத்தகப் பக்கம் திருப்புற மாதிரி பிலிமைத் திருப்பி அதே புள்ளிகள்ல பொருத்தி மறுபடி கீறுங்க, முடிஞ்சது. பேனா வேணாம், மை தோல்ல இறங்கிட்டா போகாது, கோடும் தடிமனா விழுந்து ஒவ்வொரு பீஸும் பிலிமை விடக் கொஞ்சம் பெருசா வந்துரும்.

நிறைய பீஸ் வெட்டணும்னா பாதியை வச்சு முழு டெம்ப்ளேட் ஒண்ணு செஞ்சுக்கலாம். செஞ்சதும் ஒரு தாள்ல சுத்தி வரைங்க, குப்புறப் போட்டு அதே கோட்டு மேல திரும்ப வரைங்க. கோடு ரெண்டாத் தெரிஞ்சா எந்தப் பக்கம் பெருசோ அந்தப் பக்கத்தை அந்த இடைவெளி அளவுக்கு உப்புத்தாள்ல உரசுங்க. வள்ளம் மாதிரி முன்னும் பின்னும் கூட ஒண்ணா இருக்கிற வடிவம்னா பாதி கூட வேணாம், கால்வாசி வரைஞ்சா போதும், மூணு தடவை திருப்பி நாலு பக்கமும் கீறிக்கலாம். பர்ஸ் மூலைக்கு நான் ஒரு ரூபா காசை வச்சு வளைக்கிறேன், நாலு மூலைக்கும் அதே காசு.

டெம்ப்ளேட் சரியா இருந்தும் வடிவம் கோணுனா தோலைப் பாருங்க. சென்னை பெரியமேட்டுல வாங்குற தோல்ல முதுகுப் பக்கம் கெட்டியா இருக்கும், வயித்துப் பக்கம் இழுத்தா நீளும். ஒரு செட்டை முதுகுலயும் இன்னொண்ணு வயித்துலயும் விழுந்தா வெட்டும்போது ஒண்ணாத்தான் இருக்கும், நாலு நாள் தொங்குன பிறகு பாருங்க. தையல் ஓட்டையை ஒரு மூலையில இருந்து குத்திக்கிட்டுப் போகாதீங்க, கடைசியில அரை ஓட்டை மிஞ்சும். நடுக்கோட்டுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் குத்துங்க.

டெம்ப்ளேட்ல அளவை எழுதி ஓட்டை போட்டு மாட்டி வைங்க, ஆனா ஆணியில வேணாம். நம்ம உப்புக் காத்துல ஆணி துருப்பிடிச்சு, அந்தத் துரு பிலிம்ல ஒட்டி, அங்க இருந்து ஈரத்தோல்ல பட்டா கருப்பா கறை விழுந்துரும் (பட்டை போட்டுப் பதனிட்ட தோலுக்கும் இரும்புக்கும் ஆகவே ஆகாது). நான் தங்கூசியில (நைலான் நரம்புல) கோத்துத் தொங்க விட்டிருக்கேன்.