மழை மாதத்தில் காம்பராவுக்குள் தங்கும் வாடை

இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே மாதம் மழை பிடித்தால் செப்டம்பர் வரை வீடு காய்வதில்லை. காம்பராக் (அறை) கதவு சாத்திக் கிடக்கும், அடுப்புப் புகை உள்ளேயே சுற்றும், ஈரத்துணி கொடியில் தொங்கும். அப்போது கிளம்புகிற வாடைக்கு ஊதுபத்தி கொளுத்திப் பயனில்லை. சுவர், தரை, பலகை, கூரைத் தகரம் எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வீட்டுக்குள்ளேயே இருந்தால் மூக்குப் பழகிவிடும். பத்து நிமிடம் வெளியே நின்றுவிட்டு வந்து மூலை மூலையாக முகர்ந்து பாருங்கள். அலுமாரிக்குப் பின்சுவரில் உள்ளங்கையை வைத்தால் சில்லென்று ஒட்டும்; பெரும்பாலும் அங்கேதான் பூஞ்சணம் இருக்கும். ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் நீர் முத்துக் கட்டினால் சுவருக்குள்ளேயே ஈரம் இருக்கிறது: வெளிக்கானோ (வடிகாலோ) கூரையோ ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை முறை கழுவினாலும் வாடை திரும்பும். அறைப்பக்கம் நனைந்திருந்தால் குற்றம் உள்காற்றில். ஜன்னலைத் திறந்தாலே பாதி குறையும்.

பூஞ்சணத்தைக் காய்ந்த பிரஷால் தேய்க்காதீர்கள், வித்து வீடு முழுக்கப் பறக்கும். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, சவர்க்காரத் தண்ணீரால் நனைத்துக் கீழிருந்து மேலாகத் தேய்த்து, சுத்தத் தண்ணீரால் துடையுங்கள். பிளீச் அதற்குப் பிறகுதான். அழுக்கின் மேல் நேராக ஊற்றினால் குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும், கிருமி தப்பித்துவிடும்.

பிளீச் போத்தலில் குளோரின் 5 சதவீதம் என்றிருந்தால் ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர், அதாவது நாலு தேக்கரண்டி. 30 சதவீதப் பிளீச்சிங் பவுடர் என்றால் லீற்றருக்கு 3 கிராம் சொச்சம். கரைத்துத் தெளிய விட்டு மேல் நீரை மட்டும் எடுங்கள். சுடுதண்ணீர் கூடாது, வீரியம் போகும், நெடியும் கிளம்பும். பூசிய இடம் பத்து நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். உடனே துடைத்தால் வேலை நடக்காது. கலக்கியதை மறுநாளைக்கு வைக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவரென்றால் இவ்வளவு பாடு வேண்டாம்: சுரண்டிவிட்டுப் புதுச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடியுங்கள். அதன் காரமே பூஞ்சணத்தை அண்ட விடாது.

பிளீச்சோடு வினாகிரி, தேசிக்காய்ச் சாறு, கக்கூஸ் கழுவும் அமிலம் எதையும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். சின்னக் கக்கூஸுக்குள் அது உயிருக்கே ஆபத்து. மூத்திரம் தேங்கிய தரையில் நேராகப் பிளீச் ஊற்றினாலும் நச்சு நெடி வரும். அங்கே முதலில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், இரண்டு தடவை. சீமெந்து மூத்திரத்தை உறிஞ்சிவைத்து, ஈரக் காற்று பட்டதும் திரும்ப விடும் என்பதால் ஒரு தடவை போதாது. வினாகிரி டைல்ஸுக்குச் சரி. சீமெந்துத் தரையை அமிலம் அரித்துவிடும்.

கருவாட்டுக் கவுச்சி வேறு ஜாதி. அது காரத்தன்மையுள்ள வாடை, அதனால்தான் தேசிக்காய் கேட்கிறது. வெட்டிய பலகையில் சாற்றைத் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டு, சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கிருமிக்கும் பயந்தால், புளிப்பு முழுக்கப் போன பிறகு லீற்றருக்கு ஒரே தேக்கரண்டி பிளீச் கலந்த தண்ணீரை இரண்டு நிமிடம் விட்டு அலசலாம். குளிர்சாதனப் பெட்டியில் பால் கொட்டிப் புளித்த வாடைக்கு இதற்கு எதிர்மாறு: லீற்றர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா (சமையல் சோடா). கதவு ரப்பரின் மடிப்புக்குள்ளும் துணியை விட்டுத் துடையுங்கள், அங்கேதான் பால் ஒளிந்திருக்கும்.

விறகடுப்புள்ள அடுப்படியில் ராத்திரிக் குளிருக்குத் தகரத்தின் அடியில் நீர் கோத்து, கரியைக் கரைத்துக்கொண்டு தேத்தண்ணி நிறத்தில் சொட்டும். காலையில் பாத்திரத்திலும் பாயிலும் பார்க்கலாம். புகைவாடை முழுக்க அந்தப் பிசுக்கில்தான் இருக்கிறது, பிளீச்சுக்கு மசியாது. நாலு லீற்றர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, கையுறை போட்டு, கண்ணில் சொட்டாதபடி துடையுங்கள். அலுமினியச் சட்டியில் மட்டும் படக்கூடாது, கறுத்துப்போகும். சலித்த விறகுச் சாம்பலும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும்; காசும் மிச்சம்.

கழுவியது காயாவிட்டால் இரண்டே நாளில் பழைய கதைதான். நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை. அங்கே தரையில் தண்ணீரைக் கொட்டிவிட்டு மதியம் வரை காத்திருக்க முடியாது. பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை ஒற்றி எடுங்கள். ஒரு நாளைக்கு ஓர் அறை, பத்து மணிக்குள் கழுவி முடித்தால் நல்லது. காயவைக்கக் கதவைச் சாத்திக் கரியடுப்பு வைக்கும் வழக்கம் வேண்டாம். வாடையில்லாத காபன் மொனொக்சைட் ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். வீட்டையே காலிசெய்து கழுவும் பெரிய வேலையை மேற்குச் சரிவில் ஜனவரி–மார்ச் வெயிலுக்கும், பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் கச்சான் என்கிற காய்ந்த காற்று அடிக்கும் ஜூலை, ஆகஸ்டுக்கும் ஒதுக்குங்கள்.

துடைத்த துணியை வாளிக்குள் சுருட்டிப் போடாதீர்கள். சவர்க்காரத்தில் அலசி, இஸ்தோப்பு (முன் தாழ்வாரம்) கொடியில் விரித்துப் போடுங்கள். வாளியையும் கவிழ்த்து வையுங்கள்.