மகன் ஜெர்மனியில், வயல் மன்னார்குடியில்: பெற்றோருக்கான ஷெங்கன் விசா, முதலிலிருந்து

பிள்ளையோ பெண்ணோ ஐரோப்பாவில் வேலையில் இருக்கிறார்கள். "ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போங்கப்பா" என்று கூப்பிடுகிறார்கள். டெல்டா பக்கம் இது இப்போது சகஜமான பேச்சு. கூப்பிட்டதும் எல்லோரும் முதலில் தேடுவது விசா ஃபாரத்தை. ஃபாரம் நிரப்புவது அரை நாள் வேலைதான். அதற்கு முந்தின வேலை பெரிது, அது முழுக்க நம் ஊருக்குள்ளேயே இருக்கிறது: விஏஓ அலுவலகம், வங்கி, ஆதார் மையம்.

விசா அதிகாரி உங்கள் வயலைப் பார்க்கப் போவதில்லை, காகிதத்தைத்தான் பார்ப்பார். நம் வீடுகளில் சொத்து இருக்கும், ஆனால் பட்டா தாத்தா பேரில் இருக்கும். வருமானம் இருக்கும், ஆனால் பீரோவில் இருக்கும். போனவர் திரும்பி வருவார் என்று அந்தக் காகிதக் கட்டைப் பார்த்தே ஒருவர் நம்ப வேண்டும். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஜெர்மனியை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். காரைக்கால் பக்கம் பிரான்ஸில் உறவுக்காரர்கள் உள்ள குடும்பங்கள் நிறைய என்பதால் அதையும் இடையில் தொட்டுப் போகிறேன்.

படி 1: எந்த நாடு, எந்த மாதம்

ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசாப் பகுதியில் 29 நாடுகள். ஒரே விசாவில் எல்லாவற்றுக்கும் போகலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேராது, அவற்றுக்குத் தனி விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் எங்கே நுழைகிறீர்களோ அந்த நாடு. மகன் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறான், பாரிஸுக்கு மூன்று நாள் போய் வருவீர்கள் என்றால் ஜெர்மனிதான். அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது என்று வேறு நாட்டில் போடாதீர்கள்.

எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். முடிவு பொதுவாக 15 நாளில் வரும், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். கோடைக்கு அப்பாயின்ட்மென்ட் நெருக்கடி அதிகம், தேதியை முன்கூட்டியே பிடித்து வையுங்கள்.

மாதத்தைப் பற்றி என் யோசனை: சம்பா அறுத்து நெல் போட்டு, பணம் கணக்கில் ஏறின பிறகு காகிதம் திரட்டுங்கள். சித்திரையில் கிளம்பி, ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் ஊர் திரும்புகிற மாதிரி தேதி போடுங்கள். ஐரோப்பாவிலும் அப்போது குளிர் விட்டிருக்கும். குறுவைக்கு நாற்று விட வேண்டும் என்பது திரும்பி வருவதற்கு நல்ல காரணம், உண்மையான காரணமும்கூட. அதைக் கவரிங் லெட்டரில் ஒரு வரி எழுதுங்கள்.

படி 2: பாஸ்போர்ட்டும் பெயரும்

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு: நம் மாவட்டங்கள் திருச்சி மண்டல அலுவலகத்தின் கீழ் வரும், தஞ்சாவூரிலேயே சேவா கேந்திரா இருக்கிறது. 36 பக்க பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். இருப்பவர்கள் மூன்று விஷயம் பாருங்கள்: வாங்கி 10 வருடம் தாண்டியிருக்கக் கூடாது, ஷெங்கனை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடி இருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும்.

பத்தாவது படிக்காத அம்மாக்களின் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது குடியேற்றச் சோதனை தேவை என்று இருக்கும். வளைகுடா பயணக் கதைகளைக் கேட்டுப் பயந்திருப்பார்கள். அந்தக் குடியேற்றச் சோதனை குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். பிள்ளையைப் பார்க்க ஜெர்மனி போக அது தடையில்லை.

பெயர்தான் பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் செல்வராஜ் கலியபெருமாள், ஆதாரில் க. செல்வராஜ், வங்கியில் செல்வராஜ் கே, பட்டாவில் வெறும் செல்வராசு. நமக்கு நாலும் ஒரே ஆள். படிக்கிறவருக்கு அப்படித் தெரியாது. பாஸ்போர்ட்டை அசைக்காமல் மற்றதை அதற்கு இழுத்து வாருங்கள். வங்கியில் கேஒய்சி கொடுத்து மாற்றுவது சுலபம், அதை முதலில் முடியுங்கள். பட்டாவில் மாற்ற நாளாகும் என்றால், இந்தப் பெயர்களில் உள்ளவர் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் போட்டு வைக்கலாம்.

இன்னொன்றும் பாருங்கள். மகனுடைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா அம்மா பெயர் இருக்கும். அந்த எழுத்துக்கூட்டலும் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ளதும் ஒத்துப் போனால், உறவை நிரூபிக்க அந்தப் பக்கம் நன்றாக உதவும். பிறப்புச் சான்றிதழையும் கூட வையுங்கள்.

படி 3: பிள்ளை அங்கிருந்து அனுப்ப வேண்டியது

அழைப்புக் கடிதம், பாஸ்போர்ட் நகல், குடியிருப்பு அட்டை நகல், சம்பளச் சீட்டுகள், வீட்டு முகவரிப் பதிவு. செலவைப் பிள்ளையே ஏற்றுக்கொள்கிறான் என்றால் ஜெர்மனியில் அதற்கென்று ஒரு முறையான உறுதிமொழிப் பத்திரம் உண்டு, ஃபெர்ப்ஃப்ளிஷ்டுங்ஸ்எர்க்லேருங் என்று பெயர். பெயரைச் சொல்லிப் பழக வேண்டாம், பிள்ளைக்குத் தெரியும். அவன் ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்தில் வருமானத்தைக் காட்டி 29 யூரோ கட்டி வாங்க வேண்டும். மூலப் பத்திரத்தைக் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள். அங்கேயும் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க நாளாகும், ஆகவே இங்கே நீங்கள் பட்டா வாங்கக் கிளம்பும் அன்றே அங்கே அவன் தேதி பிடிக்கட்டும்.

பிரான்ஸில் உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால், அவர் தன் ஊர் நகராட்சி அலுவலகமான மேரியில் 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற வரவேற்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். சும்மா கையால் எழுதின கடிதம் அதற்கு ஈடாகாது.

படி 4: பணமும் நிலமும்

பிள்ளை செலவை ஏற்றாலும் உங்கள் பக்கக் கணக்கு வேண்டும். நீங்கள் ஊரில் வேரூன்றினவர் என்பதை அதுதான் சொல்லும்.

சிட்டாவைத் தமிழ்நாடு அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்திலிருந்து வீட்டிலேயே எடுக்கலாம். அடங்கல் விஏஓ தரப்பு. பட்டா இன்னும் அப்பா பேரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழோடு பெயர் மாற்றத்துக்கு எழுதிப் போடுங்கள், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே. கூட்டுப் பட்டாவாக இருந்தால் உங்கள் பாகம் எவ்வளவு என்று கவரிங் லெட்டரில் எழுதுங்கள். எல்லாமே தமிழில் இருப்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். மொழிபெயர்ப்பவரிடம் ஏக்கர் கணக்கைப் போடச் சொல்லுங்கள், மா, குழி என்று எழுதினால் சென்னையைத் தாண்டி யாருக்கும் புரியாது.

அடுத்து வங்கி அறிக்கை. கடைசி ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டால் பணம் நேராகக் கணக்குக்கு வரும், அறிக்கையில் அந்த வரவு தெளிவாக நிற்கும். ஒவ்வொரு வரவுக்குப் பக்கத்திலும் பென்சிலால் சின்னக் குறி போட்டு, கொள்முதல் ரசீதின் நகலை அதே வரிசையில் அடுக்கினால் பார்க்கிறவருக்கு இரண்டு நிமிட வேலை. வியாபாரியிடம் களத்திலேயே போட்டுக் கையில் காசு வாங்குகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. பயணம் திட்டத்தில் இருக்கும் வருடமாவது கொள்முதல் நிலையத்துக்குப் போங்கள். சாக்கோடு காத்துக் கிடப்பது எரிச்சல்தான், மறுக்கவில்லை.

விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்னால் மச்சானிடம் கைமாற்றாக அஞ்சு லட்சம் வாங்கிக் கணக்கில் போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆறு மாதம் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டாத கணக்கு திடீரென்று வீங்கினால் சந்தேகம்தான் வரும். இருக்கிறதை இருக்கிறபடி காட்டுங்கள்: நிரந்தர வைப்பு, பென்ஷன், கடை வாடகை. ஜெர்மனி கைச்செலவுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 45 யூரோ என்று கணக்கு வைத்திருக்கிறது. பிள்ளையின் உறுதிமொழிப் பத்திரம் இருந்தால் அந்தப் பாரம் அவன் மேல்.

விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் பலர் ரிட்டர்னே போடுவதில்லை. வரி இல்லாவிட்டாலும் தாக்கல் செய்யலாம். வீட்டில் ஒருவருக்காவது இரண்டு மூன்று வருட ரிட்டர்ன் இருந்தால் கட்டு கனமாகும்.

படி 5: இன்ஷூரன்ஸ், டிக்கெட்

பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுக்கச் செல்லும்படி இருக்க வேண்டும். தங்கும் எல்லா நாளும் அடங்க வேண்டும். சர்க்கரை, பிரஷரை மறைக்காமல் எழுதுங்கள். டிக்கெட்டுக்கு முன்பதிவு நகல் போதும், திரும்பி வரும் தேதியோடு. விசா கைக்கு வரும் முன் முழுப் பணத்தையும் கட்ட வேண்டாம்.

படி 6: ஃபாரமும் சென்னைப் பயணமும்

ஃபாரத்தை இணையத்தில் நிரப்பி அச்செடுத்துக் கையெழுத்துப் போடுங்கள். பிரான்ஸுக்கு பிரான்ஸ்-விசாஸ் என்ற அரசுத் தளம். தொழில் என்ற இடத்தில் 'ஒன்றுமில்லை' என்று போடாதீர்கள், விவசாயி என்று போடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு இல்லத்தரசி. புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர், ஆறு மாதத்துக்குள் எடுத்தது.

சென்னையில் காகிதத்தை வாங்குவது விஎஃப்எஸ் மையம். முடிவு எடுப்பது தூதரகத் தரப்பு, மையத்தில் உள்ளவர்கள் அல்ல. ஆகவே "கண்டிப்பா கிடைக்கும்" என்று வாசலில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலை எழும்பூர். தேதியைக் காலை பத்து பதினொன்று வாக்கில் எடுத்தால் குளித்துச் சாப்பிட்டு நிதானமாகப் போகலாம்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயதிலிருந்து 12க்குள் இருந்தால் 45, அதற்குக் கீழே இலவசம். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தாலும் பணம் திரும்பாது. பத்து விரல் ரேகையும் எடுப்பார்கள். ரேஷன் கடை மெஷினில் ரேகை விழாமல் தவிக்கிற கைகள் இங்கேயும் தவிக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் தேங்காய் எண்ணெய் தடவி, அன்று சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள். இந்த ரேகை 59 மாதம் பதிவில் இருக்கும், அதற்குள் அடுத்த முறை விண்ணப்பித்தால் பொதுவாக மறுபடி கொடுக்க வேண்டாம்.

படி 7: ஸ்டிக்கரைப் படிப்பது

பாஸ்போர்ட் வந்ததும் பையில் போடாமல் அங்கேயே பாருங்கள். பெயர், பாஸ்போர்ட் எண் சரியா? 'முதல்', 'வரை' என்று இரண்டு தேதி இருக்கும், கீழே தங்கும் நாட்கள் தனியாக இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. தேதி 60 நாள் இடைவெளியில் இருந்தும் நாட்கள் 45 என்றிருந்தால் 45 நாள்தான் தங்கலாம். நுழைவு எண்ணிக்கை 01 என்றால் ஒருமுறைதான். நடுவில் லண்டன் போய்விட்டுத் திரும்ப நுழைய முடியாது.

மறுத்துவிட்டால் காரணத்தைக் குறித்த படிவம் வரும். ஜெர்மனி 2025 ஜூலை முதல் பழைய மறுபரிசீலனை மனு முறையை எடுத்துவிட்டது. வழக்குப் போடலாம், அல்லது குறிப்பிட்ட குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம். நம்மவர்களுக்கு இரண்டாவதுதான் நடைமுறை.

படி 8: பெட்டியும் இமிகிரேஷனும்

பாலும் இறைச்சியும் சார்ந்தவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுபோகத் தடை. வீட்டில் உருக்கின நெய், பால்கோவா, திரட்டுப்பால் எல்லாம் இதில் வரும். சான்றிதழ் இல்லாத பச்சை இலைகளும் கூடாது, கறிவேப்பிலையும் கும்பகோணம் வெற்றிலையும் வீட்டிலேயே இருக்கட்டும். தேங்காய், வாழைப்பழத்துக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. ஆச்சரியம் என்னவென்றால் மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு, காய்ந்ததும் சேர்த்து. நாகப்பட்டினம் கருவாடு சட்டப்படி போகலாம். பக்கத்துப் பெட்டிக்காரர் என்ன சொல்வார் என்பது வேறு விஷயம். கறி கலக்காத பொடி, ஊறுகாய் வகைகளை நன்றாக மூடி வையுங்கள். மாத்திரைக்கு டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில் வேண்டும்.

விசா இருந்தாலும் இறங்கும் இடத்தில் அதிகாரி கேள்வி கேட்கலாம். அழைப்புக் கடிதம், இன்ஷூரன்ஸ், திரும்பும் டிக்கெட், பிள்ளையின் முகவரி, போன் எண் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். "மகனைப் பார்க்க வந்திருக்கிறோம், இந்தத் தேதியில் திரும்புகிறோம்" என்ற இரண்டு வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகினால் போதும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக முத்திரைக்குப் பதில் முகப்படமும் ரேகையும் வைத்துக் கணினியில் நுழைவும் வெளியேற்றமும் பதிவாகிறது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் தானே தெரிந்துவிடும். ஈடிஐஏஎஸ் என்று ஒரு புது அனுமதியைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது விசா தேவைப்படாத நாட்டுக்காரர்களுக்கு. நமக்கு இல்லை.

திரும்பி வந்தபின் பழைய பாஸ்போர்ட்டை எறியாதீர்கள். இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி, மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு வருட, பலமுறை நுழையும் விசா கொடுக்கலாம். அதற்கு அப்புறம் பாஸ்போர்ட்டில் காலம் மீதி இருந்தால் ஐந்து வருடம்.